ஓயாத ராக் இசையும் ஃப்ரெடி மெர்க்குரியும்

ராக் இசையின் காலம் முடிந்துவிட்டதா என்ற கேள்வி மேலை நாடுகளின் இசையுலகில் சில ஆண்டுகளாகவே அடிக்கடி எழுப்பப்படுகிறது. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. அமெரிக்கர்கள் அதிகம் கேட்கும் இசை வகை என்னும் இடத்தை ராக் இசையிடமிருந்து ஹிப்-ஹாப், ஆர் அண்ட் பி இசைப் பிரிவு 2017-ஆம் ஆண்டில் முதல்முறையாகக் கைப்பற்றியதாக நீல்சன் நிறுவனத்தின் கணக்கெடுப்பு தெரிவித்தது. மின்கிதார்களும் முரசுகளுமாக நான்கைந்து இளைஞர்கள் மேடையேறும் காட்சி அரை நூற்றாண்டுக் காலம் இளமையின் அடையாளமாக இருந்தது. இன்று அந்த இடத்தில் தனிப் பாடகர்களும், கணினியில் உருவாகும் தாளக்கட்டுகளும் வந்து அமர்ந்துவிட்டன.

ஆனால், அடுத்த ஆண்டே வேறொரு செய்தியும் வந்தது. இருபதாம் நூற்றாண்டில் பதிவான பாடல்களில் இணையவழியில் மிக அதிகமாகக் கேட்கப்பட்டது 'போஹீமியன் ராப்சோடி' என்று 2018 டிசம்பரில் யுனிவர்சல் இசை நிறுவனம் அறிவித்தது. அதற்குள் அது 160 கோடி முறைக்கு மேல் கேட்கப்பட்டிருந்தது. 1975-இல் குயீன் இசைக்குழு பாடிய ராக் பாடல் அது. அதை எழுதிப் பாடிய ஃப்ரெடி மெர்க்குரி மறைந்து அப்போது 27 ஆண்டுகள் ஆகியிருந்தன. அதைக் கேட்டவர்களில் பெரும் பகுதியினர் அவர் இறந்த பிறகு பிறந்தவர்களாகவே இருக்க வேண்டும்.

ஒரே நேரத்தில் ஓர் இசை வகை பின்தங்குவதும், அதன் பழைய பாடல் உலகெங்கும் ஒலிப்பதும் எப்படிச் சாத்தியமாகின்றன? விடை தேட ஃப்ரெடி மெர்க்குரியின் வாழ்க்கையைத் திரும்பிப் பார்ப்பது உதவும்.

ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையை அடுத்த சான்சிபார் தீவில், 1946 செப்டம்பர் 5-ஆம் நாள் ஒரு பார்சி குடும்பத்தில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஃபரூக் பல்சாரா. குஜராத் மாநிலத்தின் வல்சாடு நகரம் முன்பு புல்சார் என்று அழைக்கப்பட்டது; அந்த ஊரிலிருந்து வந்ததே குடும்பப் பெயர். தந்தை போமி பல்சாரா பிரிட்டிஷ் அரசு அலுவலகத்தில் காசாளராகப் பணியாற்றினார். சொராஸ்டிரிய சமய நெறியில் ஊன்றிய, அளவான வசதி படைத்த குடும்பம் அது.

எட்டு வயதில் ஃபரூக் கப்பலேறி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். மகாராஷ்டிரத்தின் மலைநகரமான பஞ்ச்கனியில் உள்ள புனித பீட்டர் பள்ளி விடுதியில் அவரது சிறுவப் பருவம் கழிந்தது. விடுமுறைகளைப் பம்பாயில் உறவினர் வீட்டில் கழித்தார். அவரது இசைத் திறனைக் கண்ட பள்ளி, பியானோ கற்கத் தனி ஏற்பாடு செய்தது. பன்னிரண்டு வயதில் நண்பர்களுடன் சேர்ந்து 'தி ஹெக்டிக்ஸ்' என்ற குழுவைத் தொடங்கினார். லிட்டில் ரிச்சர்டு, லக்னோவில் பிறந்து இங்கிலாந்தில் புகழ்பெற்ற கிளிஃப் ரிச்சர்டு போன்றோரின் பாடல்களை அந்தச் சிறுவர்கள் பள்ளி விழாக்களில் வாசித்தார்கள். ஃபரூக் என்ற பெயர் ஃப்ரெடி ஆனதும் அந்தப் பள்ளியில்தான். உலகின் பெரும் ராக் பாடகர்களில் ஒருவர் தம் முதல் மேடையை மேற்குத் தொடர்ச்சி மலையில் கண்டார் என்பது இன்றும் பலர் அறியாத செய்தி.

1963-இல் அவர் சான்சிபாருக்குத் திரும்பினார். 1964 ஜனவரியில் அங்கே புரட்சி வெடித்தது. சுல்தான் ஆட்சி கவிழ்ந்தது. அரபு, இந்திய வம்சாவளியினர் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டனர். உயிர் தப்பிய குடும்பங்களில் ஒன்றாக பல்சாரா குடும்பமும் இங்கிலாந்து சென்று, லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்துக்கு அருகிலுள்ள ஃபெல்தம் பகுதியில் குடியேறியது. அப்போது ஃப்ரெடிக்கு வயது 17. குடியேறியவர்கள் மீது வெறுப்பு வளர்ந்துகொண்டிருந்த இங்கிலாந்து அது. விமான நிலையத்தில் சுமை ஏற்றி இறக்கும் வேலை உள்பட கிடைத்த வேலைகளைச் செய்துகொண்டே அவர் படித்தார்.

லண்டனின் ஈலிங் கலைக் கல்லூரியில் வரைகலை வடிவமைப்பு பயின்று 1969-இல் பட்டயம் பெற்றார். அந்தக் காலத்து பிரிட்டிஷ் கலைக் கல்லூரிகள் ஓவியர்களை மட்டும் உருவாக்கவில்லை; ராக் இசைக் கலைஞர்களையும் உருவாக்கின. 'தி ஹூ' குழுவின் பீட் டவுன்சென்ட், பின்னாளில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவில் சேர்ந்த ரோனி வுட் ஆகியோரும் ஈலிங்கில் பயின்றவர்களே. உள்ளாட்சி அமைப்புகள் மாணவர்களுக்கு உதவித்தொகை வழங்கிய காலம் அது. கடன் சுமையின்றிப் படிக்கவும், முயன்று பார்க்கவும், தோற்றுவிட்டு மீண்டும் முயலவும் இளைஞர்களுக்கு அவகாசம் இருந்தது. ஜிமி ஹென்ட்ரிக்ஸின் தீவிர ரசிகராகிவிட்ட ஃப்ரெடி, அவரது உருவத்தை மீண்டும் மீண்டும் வரைந்துகொண்டிருந்தார்.

தோல்விக்கும் அவருக்கும் நெருக்கம் இருந்தது. அவர் சேர்ந்த முதல் இரண்டு மூன்று குழுக்கள் நிலைக்கவில்லை. 1970-இல் கிதார் கலைஞர் பிரையன் மே, முரசுக் கலைஞர் ரோஜர் டெய்லர் ஆகியோருடன் இணைந்து குயீன் குழுவைத் தொடங்கினார். மே, வானியற்பியல் பயின்றவர். பாதியில் விட்ட முனைவர் பட்ட ஆய்வைப் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு 2007-இல் முடித்தவர். 1971-இல் ஜான் டீக்கன் சேர்ந்ததும் நால்வர் அணி நிறைவு பெற்றது. குழுவுக்குப் பெயர் சூட்டியதும், அதன் சின்னத்தை வரைந்ததும் ஃப்ரெடிதான். தம் குடும்பப் பெயரை மெர்க்குரி என்று மாற்றிக்கொண்டதும் அக்காலத்தில்தான். வயிற்றுப்பாட்டுக்காக அவரும் டெய்லரும் கென்சிங்டன் சந்தையில் பழைய துணிகளை விற்றார்கள்.

1973-இல் வெளியான முதல் இசைத்தொகுப்பு பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. கல்லூரி அரங்குகளிலும் சிறு கூடங்களிலும் வாசித்து, மற்ற குழுக்களின் நிகழ்ச்சிகளுக்கு முன்னோட்டமாக மேடையேறியே அவர்கள் தங்களை வளர்த்துக்கொண்டனர். 1974-இல் 'கில்லர் குயீன்' பாடல் பிரிட்டனில் இரண்டாம் இடத்தை எட்டிய பிறகும், பாதகமான ஒப்பந்தம் ஒன்றின் காரணமாக அவர்கள் கையில் பணம் தங்கவில்லை. குழு தொடங்கி ஐந்தாண்டுகள் ஆன பிறகே நிலைமை மாறியது.

அந்த மாற்றத்தைக் கொண்டுவந்ததே 'போஹீமியன் ராப்சோடி'. ஏறத்தாழ ஆறு நிமிடப் பாடல். பல்லவி திரும்ப வராது. மெல்லிய பியானோ இசையில் தொடங்கி, இத்தாலிய ஓபரா பாணிக்குத் தாவி, முழங்கும் ராக் இசையாக உயர்ந்து, மீண்டும் அமைதியில் அடங்கும். ஓபரா பகுதிக்காக மெர்க்குரியும் மேயும் டெய்லரும் நாள் முழுவதும் பாடிப் பாடி, தங்கள் குரல்களையே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மூவரின் குரலில் ஒரு பெரிய குழுவின் ஒலியை எழுப்பினார்கள். மூன்று நிமிடப் பாடல்களே வானொலிக்கு ஏற்றவை என்று கருதப்பட்ட காலத்தில் இது எடுபடாது என்று இசை நிறுவனத்தினர் தயங்கினர். லண்டன் வானொலி ஒன்றில் அறிவிப்பாளர் கென்னி எவரெட் அதைத் திரும்பத் திரும்ப ஒலிபரப்பினார்; கேட்டவர்கள் கடைகளுக்குப் படையெடுத்தார்கள். பிரிட்டன் தரவரிசையில் ஒன்பது வாரங்கள் அது முதலிடத்தில் நின்றது. இசை வெளியீட்டுத் துறை நம்பும் விதிகளை மீறியே ராக் இசை வளர்ந்தது என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று கிடைப்பது கடினம்.

1977-இல் குயீன் இன்னொரு திசையில் நகர்ந்தது. தங்கள் நிகழ்ச்சி ஒன்றின் முடிவில் கூட்டமே ஒன்றுசேர்ந்து பாடியதைக் கேட்ட குழுவினர், ரசிகர்களும் பங்கேற்கக்கூடிய பாடல்களை எழுதத் தீர்மானித்தனர். மே எழுதிய 'வீ வில் ராக் யூ' பாடலுக்கு இரண்டு முறை காலால் தட்டி, ஒரு முறை கை தட்டினால் போதும். இறுதிப் பகுதி வரை அதற்கு வேறு வாத்தியமே கிடையாது. மெர்க்குரி எழுதிய 'வீ ஆர் தி சாம்பியன்ஸ்' அதன் இணைப்பாடல். இசைப் பயிற்சியோ மொழியறிவோ இல்லாதவரும் ஒரு நொடியில் சேர்ந்துகொள்ளக்கூடிய அந்தத் தாளம், உலகின் விளையாட்டு அரங்குகளில் இன்றும் எழுகிறது. தட்டுபவர்களில் பலருக்கு அதை ஆக்கியவர் யாரென்றே தெரியாது. ஒரு நாட்டுப்புறப் பாடலுக்குக் கிடைக்கும் வாழ்வு அதற்குக் கிடைத்திருக்கிறது.

மெர்க்குரியின் வாழ்க்கையில் சறுக்கல்களும் உண்டு. நிறவெறி ஆட்சிக்கு எதிராகக் கலைஞர்கள் தென்னாப்பிரிக்காவைப் புறக்கணிக்க வேண்டும் என்று ஐ.நா. கேட்டுக்கொண்டிருந்த நிலையில், 1984-இல் குயீன் அங்குள்ள சன் சிட்டியில் நிகழ்ச்சி நடத்தியது. பிரிட்டிஷ் இசைக் கலைஞர் சங்கம் குழுவுக்கு அபராதம் விதித்தது; கண்டனம் வலுத்தது. நிறத்தின் பெயரால் ஒதுக்கப்படுவது என்னவென்று அறிந்திருக்கக்கூடிய ஒருவர் எடுத்த அந்த முடிவை அவரது ரசிகர்களாலும் எளிதில் நியாயப்படுத்த முடியாது. அதே காலத்தில் அமெரிக்காவிலும் குழுவின் செல்வாக்கு சரிந்திருந்தது.

அந்நிலையில்தான் 1985 ஜூலை 13-ஆம் நாள் வந்தது. எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காக பாப் கெல்டாஃபும் மிட்ஜ் யூரும் ஏற்பாடு செய்த 'லைவ் எய்ட்' நிகழ்ச்சி லண்டன் வெம்பிளி அரங்கிலும் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவிலும் ஒரே நாளில் நடைபெற்றது. வெம்பிளியில் மட்டும் 72,000 பேர். தொலைக்காட்சி வழியே பார்த்தவர்கள் பல கோடிப் பேர். குயீனுக்கு ஒதுக்கப்பட்டவை சுமார் 20 நிமிடங்கள். மற்றவர்கள் சாதாரணமாக எடுத்துக்கொண்ட அந்தச் சிறு நேரத்துக்காகக் குயீன் குழுவினர் தனியே அரங்கு எடுத்து, நிமிடக் கணக்கோடு ஒத்திகை பார்த்திருந்தனர். மாலை வெளிச்சத்தில், விளக்கு அலங்காரம் ஏதுமின்றி, வெள்ளை உள்சட்டையுடன் ஓடிவந்த மெர்க்குரி தம் குரலாலேயே கூட்டத்தைக் கட்டிப்போட்டார். அவர் ஆலாபனை செய்ய, 72,000 பேர் அதைத் திருப்பிப் பாடினார்கள். ராக் வரலாற்றின் தலைசிறந்த மேடை நிகழ்ச்சியாக விமர்சகர்கள் பலரும் கருதுவது அதையே. 1986 ஆகஸ்ட் 9 அன்று இங்கிலாந்தின் நெப்வொர்த்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் முன்னிலையில் பாடியதே அவர் குயீனுடன் நடத்திய கடைசி நிகழ்ச்சியாயிற்று.

1987-இல் அவருக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பது உறுதியானது. 2018-இல் வெளிவந்த திரைப்படம் லைவ் எய்டுக்கு முன்பே அவர் நோயை அறிந்திருந்ததாகக் காட்டியது, திரைக்கதையின் வசதிக்காகச் செய்யப்பட்ட மாற்றம். அந்நோய் குறித்து அன்று நிலவிய அச்சமும் ஏளனமும் இன்றைய தலைமுறைக்கு எளிதில் விளங்காதவை. தன்பாலீர்ப்பைப் பள்ளிகளிலும் உள்ளாட்சி அமைப்புகளிலும் ஆதரித்துப் பேசவே தடை விதிக்கும் சட்டத்தை பிரிட்டன் 1988-இல் கொண்டுவந்தது. பத்திரிகையாளர்கள் அவர் வீட்டு வாசலில் காத்துக் கிடந்தனர். அவரோ தம் நோயைப் பற்றிப் பொதுவெளியில் பேசாமல் ஒலிப்பதிவுக் கூடத்திலேயே எஞ்சிய காலத்தைச் செலவிட்டார். நடக்கவே தளர்ந்த நிலையிலும் பாடினார். அவர் பதிவுசெய்து வைத்த குரலைக் கொண்டு மற்ற மூவரும் முடித்த தொகுப்பு 1995-இல் வெளியாயிற்று.

1991 நவம்பர் 23 அன்று தமக்கு எய்ட்ஸ் நோய் இருப்பதை அறிக்கை வாயிலாக அறிவித்தார். மறுநாள் மாலை, 45-ஆவது வயதில் காலமானார். சொராஸ்டிரிய முறைப்படி இறுதிச் சடங்கு நடைபெற்றது. முன்னரே அறிவித்திருந்தால் நோயுற்ற பலருக்குத் துணிவு தந்திருப்பார் என்ற விமர்சனம் அன்றே எழுந்தது. அதைப் புறந்தள்ள முடியாது. ஆனால், உண்மையைச் சொன்னால் ஒரு மனிதரைக் கேலிப்பொருளாக்கக் காத்திருந்த சமூகத்துக்கு அந்த மௌனத்தில் பங்கில்லையா என்பதையும் கேட்க வேண்டும். எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்துச் சிகிச்சை பரவலாகப் பயன்பாட்டுக்கு வந்தது 1996-இல். ஐந்தாண்டுகள் அவரைக் கைவிட்டன.

அவரது மறைவுக்குப் பின் மீண்டும் வெளியிடப்பட்ட 'போஹீமியன் ராப்சோடி' இரண்டாம் முறையாக பிரிட்டனில் முதலிடம் பெற்றது. அதன் வருவாய் எய்ட்ஸ் நோயாளிகளுக்கான அறக்கட்டளைக்குச் சென்றது. 1992 ஏப்ரல் 20 அன்று வெம்பிளியில் நடந்த அஞ்சலி நிகழ்ச்சி, எய்ட்ஸ் விழிப்புணர்வை உலகெங்கும் வீடுகளுக்குள் கொண்டுசென்றது. அதிலிருந்து உருவான மெர்க்குரி ஃபீனிக்ஸ் அறக்கட்டளை இன்றும் இயங்கிவருகிறது. அவரைப் பற்றிய திரைப்படம் உலகம் முழுவதும் சுமார் 90 கோடி டாலர் ஈட்டி, நான்கு ஆஸ்கர் விருதுகளையும் வென்றது. தன்பாலீர்ப்பைக் குற்றமாகக் கருதிய சட்டப் பிரிவின் பிடியை நமது உச்சநீதிமன்றம் தளர்த்திய அதே 2018-ஆம் ஆண்டில்தான் அந்தப் படம் இந்தியாவிலும் திரையிடப்பட்டது.

இப்போது தொடக்கக் கேள்விக்கு வரலாம். ராக் இசை இன்றும் விரும்பப்படுகிறதா? விரும்பப்படுகிறது என்பதில் ஐயமில்லை. 2025 ஜனவரியில் அகமதாபாத் விளையாட்டரங்கில் கோல்டுப்ளே குழுவைக் காண ஓர் இரவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் திரண்டனர். அதே ஆண்டு, பதினாறு ஆண்டுகளாகப் பிரிந்திருந்த ஒயாசிஸ் குழு மீண்டும் ஒன்றிணைந்து மேடையேறியபோது ரசிகர்கள் அலைமோதினர். மேகாலயத்தின் ஷில்லாங் உள்பட நமது வடகிழக்கு நகரங்களில் ராக் இசை அன்றாட வாழ்வின் பகுதியாகவே இருக்கிறது.

ஆனால், இந்தக் கூட்டங்கள் பெரும்பாலும் முன்பே புகழ்பெற்றவர்களைத் தேடிச் செல்பவை. அமெரிக்காவில் இன்று கேட்கப்படும் இசையில் ஏறத்தாழ பத்தில் ஏழு பங்கு, வெளியாகி 18 மாதங்களைக் கடந்த பாடல்கள் என்கின்றன துறைசார்ந்த கணக்குகள். குயீன் பாடல்களின் உரிமையை சோனி நிறுவனம் சுமார் 100 கோடி பவுண்டுக்கு வாங்குவதாக 2024-இல் செய்திகள் வெளியாயின. மெர்க்குரியின் பியானோவும் உடைகளும் கையெழுத்துப் பிரதிகளும் 2023-இல் லண்டனில் ஏலம் விடப்பட்டுப் பல கோடி பவுண்டு ஈட்டின. பழைய புகழ் நல்ல முதலீடாகிவிட்டது. அந்தப் பணத்தில் எவ்வளவு, இன்று வாடகைக் கூடத்தில் ஒத்திகை பார்க்கும் பெயர் தெரியாத குழுவைச் சென்றடைகிறது என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வி.

மெர்க்குரி தனி மனிதரின் மேதைமையால் மட்டும் உருவானவர் அல்லர். சிறுவனின் திறமையைக் கண்டு பியானோ வகுப்புக்கு அனுப்பிய பள்ளி, அகதியாக வந்த குடும்பத்தின் மகனுக்கும் இடமளித்த கல்லூரி, ஐந்தாண்டுத் தோல்வியைப் பொறுத்துக்கொண்ட சிறு அரங்குகள், விதியை மீறி ஒரு பாடலை ஒலிபரப்பிய வானொலி அறிவிப்பாளர் என்று பலரும் பலவும் அவருக்குப் பின்னால் இருந்தனர். இன்று பிரிட்டனில் மாணவர்கள் கடன் வாங்கியே படிக்கிறார்கள். சிறு இசைக்கூடங்கள் ஆண்டுதோறும் மூடப்படுகின்றன. ஒரு பாடல் பிழைக்குமா என்பதை முதல் சில நொடிகளிலேயே கணினிக் கணக்கீடுகள் தீர்மானிக்கின்றன. பொறுமையாக வளரும் ஆறு நிமிடப் பாடலுக்கு இந்தச் சூழலில் வாய்ப்பு மிகக் குறைவு.

எனவே, ராக் இசைக்கு ரசிகர்கள் இல்லை என்று கவலைப்படத் தேவையில்லை. அடுத்த தலைமுறைக் கலைஞர்கள் வளர்வதற்கான மண் வற்றிவருகிறது என்பதே கவலைக்குரியது. இது ராக் இசைக்கு மட்டும் உரிய சிக்கலும் அன்று. எந்த நாட்டின் எந்தக் கலையும், பழைய மேதைகளைக் கொண்டாடுவதோடு நின்றுவிட்டால் சில காலத்தில் அருங்காட்சியகப் பொருளாகிவிடும். ஃப்ரெடி மெர்க்குரிக்கு ஏற்கெனவே சிலைகளும் நினைவகங்களும் இருக்கின்றன. பள்ளிகளில் இசை வகுப்புகளும், கட்டணம் குறைந்த சிறு அரங்குகளும், தோற்பதற்கான அவகாசமும் இன்னொரு பஞ்ச்கனிச் சிறுவனுக்குக் கிடைக்குமானால், அதுவே அவருக்குச் செய்யும் உண்மையான மரியாதையாக இருக்கும்.